கான்ஃபிடன்ஸ் இல்லையா, குரல் ஏறும் இடம் வேறா?

"பையன் நல்லாப் படிச்சிருக்கான், ஆனா கான்ஃபிடன்ஸ் பத்தல." கேம்பஸ் இன்டர்வியூ முடிந்ததும் இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கல்லூரிகளில் மாதிரி இன்டர்வியூ எடுக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பல பிள்ளைகளிடம் தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லை. அதைக் காட்டத் தமிழில் பழகிய வழி ஆங்கிலத்தில் எடுபடுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழில் ஒன்றை அழுத்திச் சொல்லக் குரலை உயர்த்தியே ஆகவேண்டும் என்பதில்லை. "கோடிங் நான்தான் பண்ணேன்" என்று முணுமுணுத்தாலும் யார் செய்தது என்பதில் சந்தேகம் வராது. 'தான்' பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதைக் குரல் செய்யவேண்டும், 'ஐ' என்பதை ஓங்கிச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் 'தான்' இருந்த இடத்தில் 'ஒன்லி' போட்டு, எல்லாச் சொல்லையும் ஒரே சீராக ஓட்டிவிடுகிறார்கள். "ஐ ஒன்லி டிட் தி கோடிங், சார்." லண்டனிலிருந்து வீடியோ காலில் கேட்பவருக்கு அது "கோடிங் மட்டும்தான் செஞ்சேன், வேறொண்ணும் செய்யல" என்று விழுகிறது. மொத்த ப்ராஜெக்டையும் தோளில் சுமந்த பெண், ஒரு ஓரத்தில் உதவி செய்தவளாகிவிடுகிறாள்.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982இல் எழுதிய ஒரு சம்பவம் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறினார்கள். 'கிரேவி' என்று கடைசியில் குரலை இறக்கிச் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்கள் குரலை ஏற்றி, வேணுமா என்று கேட்கும் தொனியில் சொல்வார்கள். இறங்கிய குரல் 'இதுதான் கிரேவி, எடுத்துக்கோ' என்பதுபோல் கேட்டதால் இந்தப் பெண்களுக்கு மரியாதை தெரியாதவர்கள் என்ற பேர் வந்துவிட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவைத்து விளக்கிய பிறகுதான் சிக்கல் எங்கே என்று புரிந்தது.

நம் பிளேஸ்மென்ட் பயிற்சியில் இதெல்லாம் வருகிறதா? கண்ணைப் பார், கையை அழுத்திக் குலுக்கு, சத்தமாப் பேசு. சத்தம் வேறு, அழுத்தம் வேறு. எல்லாச் சொல்லையும் முழங்கினால் எது முக்கியம் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரே வாக்கியத்தை 'ஐ'யில் அழுத்தி ஒருமுறை, 'கோடிங்'கில் அழுத்தி ஒருமுறை போனில் பதிந்து கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் சுமை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டக்கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "கான்ஃபிடன்ஸ் இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால், "இதில் நீங்களே செய்தது என்ன, விவரமாகச் சொல்லுங்கள்" என்று இன்னொரு கேள்வி கேட்கலாமே. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.