சிவப்புத் தட்டில்தான் கோளாறு
"தேனீக்கு நிறம் நினைவிருக்காது, வாசனை மட்டும்தான். ஜெயநகர் பால்கனியில் சிவப்புத் தட்டில் பழக்கிப் பார்த்துவிட்டேன்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சிவப்பு தேனீக்குக் கிட்டத்தட்ட கறுப்பு, சார். அதன் கண் பிடிப்பது புற ஊதா, நீலம், பச்சை. ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914-லேயே சாம்பல் அட்டைகளுக்கு நடுவே நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார். தண்ணீரை எடுத்த பிறகும் நீலத்துக்கே வந்தன.

திரும்பச் செய்வதானால் நீலம் ஒன்று, வெளிர் முதல் அடர்த்தி வரை சாம்பல் பல, மேலே கண்ணாடி. சர்க்கரையும் தண்ணீரும் சம பங்கு. அட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் இடத்தைத்தான் கற்கும். சோதனையின்போது புது அட்டை, கழுவிய கண்ணாடி. முந்தைய தேனீயின் வாசனை ஒட்டியிருந்தால் போச்சு. நிறம் முக்கியமாகப் பதிவது இறங்குவதற்குச் சற்று முன் பார்க்கும்போது. கிளம்பும்போது மட்டும் காட்டினால் அவ்வளவாகப் பதியாது.