கல்லணைப் பாலத்தில் நின்றுகொண்டு கல்லணையைத் தேடுகிறவர்கள்

கல்லணைக்கு வருகிற வெளியூர் மக்களில் பெரும்பாலோர் அணையைப் பார்க்காமலேயே ஊர் திரும்புகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வது காவிரியும் வெண்ணாறும் பிரிந்து புறப்படும் தலைப்புகளில் வரிசையாக நிற்கும் இரும்பு ஷட்டர்களின் முன்பு. பிறகு யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையின் முன்பு. அந்தத் தலைப்பு மதகுகள் 1880-களின் இறுதியில் ஆங்கிலேய அரசு கட்டியவை. கரிகாலன் பெயரால் நாம் போற்றுகிற பழைய கல் அணையோ கொள்ளிடத்துப் பக்கம், 1839-இல் எழுப்பப்பட்ட பாலத்துக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பாலத்தில் நடந்துகொண்டே அணை எங்கே என்று விசாரிக்கிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆடியில் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகனை அழைத்துப் போனேன். பொறியியல் படிக்கிற பையன். ஷட்டரைத் தூக்கும் பல்சக்கரங்களையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டாயிரம் வருஷத்து அணைன்னு சொல்றாங்களே, இந்த இரும்பெல்லாம் அப்பவே இருந்துச்சா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பள்ளிப் பாடத்திலிருந்து நாட்காட்டிப் படம் வரை ஷட்டர் வரிசையைக் காட்டிக் கரிகாலன் கட்டியது என்று எழுதினால் படித்த பிள்ளை அப்படித்தான் கேட்பான். அவனைக் கொள்ளிடப் பாலத்துக்குக் கூட்டிச்சென்றேன். தலா 32 அடி அகலத்தில் 30 கண்கள் கொண்ட அந்தப் பாலத்தில் சாலை குறுகலானது. எதிரே ஒரு வேன் வந்துவிட்டால் நடப்பவர் சுவரோரம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அன்று காவிரியிலும் வெண்ணாற்றிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போக, கொள்ளிடப் பக்கம் வெறும் மணல். மூடிய ஷட்டர் ஒன்றின் அடியில் கசிந்த நீர் தேங்கிய இடத்தில் இரண்டு கொக்குகள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மணல் என்கிற அந்த வேறுபாடுதான் கல்லணை. அதை விளக்கிச் சொன்ன பிறகு அவன் செல்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நெடுநேரம் பார்த்தான்.

முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத் தீவின் கீழ்முனையில் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே காவிரியின் படுகை உயரம், கொள்ளிடம் பள்ளம். தடுப்பு இல்லையென்றால் காவிரியின் நீர் இரண்டையும் இணைக்கும் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமைக்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே அந்த வாயில் கல்லைப் போட்டு அடைத்தார்கள். இது நீரைத் தேக்கும் அணை இல்லை. சாகுபடிக்கு வேண்டிய நீரைக் காவிரியிலேயே நிறுத்தி, வெள்ளக் காலத்தில் மிகுந்ததைத் தன் தலைமேல் வழியவிட்டுக் கொள்ளிடத்துக்கு அனுப்புவதே இதன் வேலை. 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் 1,080 அடி நீளமும் 40 முதல் 60 அடி வரை அகலமும் கொண்டு பாம்பு போல வளைந்து கிடந்த கற்குவியலாக இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே முரட்டுக் கல்லும் களிமண்ணும். மேலே சாந்துப் பூச்சு. அடியில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல்தான்.

1804-இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல்லின் யோசனைப்படி அணையின் உயரம் 2 அடி 3 அங்குலம் கூட்டப்பட்டது. காவிரியில் மணல் மேடிட்டு நீர் ஏறாமல் போனபோது ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830 வாக்கில் அணையின் உடலில் மணலை வெளியேற்றும் மதகுகளான மணற்போக்கிகளைத் திறந்தார். 1836-இல் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் அவர் பொறுப்பில் எழுந்தன. தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் முறையை இந்தப் பழைய அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். கோதாவரியில் தவளேசுவரம் அணையை அவர் கட்டியது அதற்குப் பிறகு. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது கல்லணைக் கால்வாய். எங்கள் பக்கம் புது ஆறு என்போம். ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கண்டன.

இவ்வளவும் ஒரே இடத்தில் அடுக்கடுக்காக இருக்கும்போது, எல்லாமே கரிகாலன் என்று சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அவன் காவிரிக்குக் கரை எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. அந்தப் புகழுக்கு ஆங்கிலேயர் வைத்த இரும்புக் கதவு தேவையில்லை. வண்டல் படியப் படிய உயர்த்தியும், துளைத்தும், மேலே பாலம் போட்டும், கதவு வைத்தும் தலைமுறை தலைமுறையாக இந்த அணையைக் காத்தவர்கள் இருந்தார்கள். பெயர் தெரியாத குடிமராமத்து ஆட்களும், நடுராத்திரி வெள்ளத்தில் மதகின் மேல் நின்று ஷட்டர் ஏற்றிய லஸ்கர்கள் என்ற மதகுப் பணியாளர்களும் அவர்களில் சேர்ந்தவர்கள்.

மணலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் 1928-ஆம் ஆண்டின் கொள்ளிடம் இரும்புப் பாலம் சரிந்தது. அடுத்த சில நாட்களில் முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பழமையும் வெள்ளத்தின் வேகமும் காரணங்களாகக் கூறப்பட்டன, இருக்கலாம். ஆனால் இந்த ஆற்றில் நிற்கும் பழைய அணைகளெல்லாம் மணலையே அடித்தளமாக நம்பி நிற்பவை. அணைக்குக் கீழே படுகையைத் தோண்டிப் பள்ளமாக்கினால் வெள்ளம் அடிமணலை அரித்துக்கொண்டுதான் போகும். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதை லாரிக் கணக்காக மட்டும் பேசுகிறவர்கள் ஒருமுறை இந்தப் பாலத்தின் கீழ்ப்புறம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நீர்வளத்துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. கொள்ளிடப் பாலத்தின் தொடக்கத்தில், பழைய அணையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றும், எந்தப் பகுதி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்ற தமிழ்ப் பலகை ஒன்றும் வைக்க வேண்டும். சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பூங்காவோடு நிறுத்திவிடாமல் இந்தப் பாலம் வரை நடத்திக்கொண்டு வரட்டும். தண்ணீர் திறந்திருக்கும் ஆடி, ஆவணியில் வந்தால் இரண்டு பக்கத்தையும் ஒருசேரக் காட்டலாம்.