நரிக்குக் கையால் ஊட்டாதீர்கள்

லண்டனில் இருக்கும் நண்பர்களே, தோட்டத்துக்கு வரும் நரிக்கு தயவுசெய்து கையில் வைத்துச் சாப்பாடு கொடுக்காதீர்கள். சமையலறை வாசலில் நரி, நீட்டிய கையில் கோழித்துண்டு, கீழே வரிசையாக இதயப் படங்கள். இப்படி வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு நரிகளை மிகவும் பிடிக்கும். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே தோட்டம் வைத்த புறநகர் வீடுகள் பெருகியபோது நகரத்துக்குள் வந்தவை இவை. இன்று லண்டனில் சுமார் 10,000 இருக்கும் என்கிறார்கள். ஜனவரி இரவுகளில் துணை தேடிக் கத்தும் கத்தல், மே மாதத்தில் ஷெட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து உருளும் குட்டிகள், இதெல்லாம் இல்லாத லண்டனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 2011இல், லண்டனில் அப்போது கட்டி முடியாதிருந்த ஷார்ட் (Shard) என்ற வானளாவிய கோபுரத்தின் 72ஆவது மாடியில் ஒரு நரி இருந்தது. தொழிலாளர்கள் விட்டுப்போன மிச்சத்தைத் தின்றே பிழைத்தது. பிடித்து, உடம்பைச் சோதித்துவிட்டு, திரும்பத் தெருவிலேயே விட்டார்கள். அந்த அளவுக்குப் பிழைக்கத் தெரிந்த பிராணி அது.

"என் தோட்டம், என் விருப்பம்" என்கிறார்கள். நரிக்கு வேலி ஏது? ஒரே இரவில் எத்தனையோ தோட்டங்களைச் சுற்றி வரும். உங்கள் வாசலில் மனிதக் கை என்றால் சாப்பாடு என்று கற்றுக்கொண்டது, அடுத்த வீட்டின் திறந்த கதவுக்குள்ளும் அதே நம்பிக்கையோடு நுழையும். அங்கே கைக்குழந்தை இருக்கலாம். பயந்துபோன அந்த வீட்டுக்காரர் பூச்சி, எலி ஒழிப்பவர்களைக் கூப்பிடுவார். பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கூண்டில் பிடித்த நரியைச் சுட்டுக் கொல்ல இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, பெரும்பாலும் நடப்பதும் அதுதான். கூண்டில் முதலில் மாட்டுவது, மனிதர்களைக் கண்டு ஓடாத நரி.

2010இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் நரி ஒன்று வீட்டுக்குள் புகுந்து இரட்டைக் குழந்தைகளைக் கடித்தது. அப்படி நடப்பது மிக மிக அரிது. ஆனாலும் நகரத்து நரிகளையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அப்போது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்னொரு வாதம்: "நாயும் ஒருகாலத்தில் ஓநாய்தானே, இதுவும் பழகிவிடும்." 1959இல் சோவியத் விஞ்ஞானி பெலாயெவ் நோவோசிபிர்ஸ்கில் நரிகளைப் பழக்கும் ஆய்வைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரிடம் மிகவும் சாதுவாக இருந்த சிலவற்றை மட்டுமே இனம்பெருக்க விட்டார்கள். அப்படிப் பல தலைமுறை கடந்துதான் அவை பழகின, அதுவும் பண்ணையில் வளர்ந்த நரிகள். உங்கள் வாசலில் நிற்பது அந்த வம்சம் இல்லை. பயம் போயிருக்கிறது, பல்லும் சுபாவமும் அப்படியேதான் இருக்கின்றன.

அப்புறம் சொறி. 1994இல் பிரிஸ்டலில் சொறி நோய் பரவி, இரண்டே ஆண்டுகளில் அந்த நகரத்து நரிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின. தீனிக்காக ஒரே இடத்தில் நரிகள் கூடக் கூட, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது சுலபமாகிவிடும்.

ஏற்கெனவே ஊட்டிப் பழக்கியவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம். கையால் கொடுப்பதை இன்றே விடுங்கள். இருட்டிய பிறகு, வீட்டிலிருந்து தள்ளி, கொஞ்சமாக வையுங்கள். வாரத்துக்கு வாரம் அதையும் குறைத்து நிறுத்துங்கள். கிட்டே வந்தால் கைதட்டி விரட்டுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் விரட்டுங்கள்.