கூப்பன் கதையோடு காரணத்தையும் எழுதுங்கள்

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலநிறப் பிழைத்திரையில் நின்றதையும், அப்புறம் அந்த நிறுவனம் மன்னிப்பாக அனுப்பிய 10 டாலர் ஊபர் ஈட்ஸ் உணவுக் கூப்பனையே ஊபர் மோசடி என்று சந்தேகித்துத் தடுத்ததையும் உங்கள் கட்டுரையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் நன்றாகச் சிரித்தேன்.

ஆனால் காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அப்டேட்டில் வந்த புதிய கோப்பு 21-வது உள்ளீட்டைக் கேட்டது. கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளிடம் இருந்ததோ 20 தான். இல்லாததைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டிப் படித்தது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் மென்பொருள் என்பதால் விண்டோஸே விழுந்துவிட்டது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். சரி, அதற்குள் விழுந்த கணினிகள்? பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்) திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேறு. அந்த வேலையைச் செய்த ஐடி ஊழியர்களுக்கும், இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கட்டுரையில் ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

இப்படிப்பட்ட கோப்புகளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பும் முறைக்கு அந்த நிறுவனம் மாறியது இதற்குப் பிறகுதான்.