முட்டுச்சந்து என்று சொன்ன அண்ணனுக்கு

இங்கிலாந்தில் வேலை தேடுகிற நம் ஊர் இளம் டாக்டர்களுக்காகச் சனிக்கிழமை நடந்த அந்த ஜூம் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதில் மூத்த டாக்டர் அண்ணன் ஒருவர் பேசிய துண்டை மட்டும் வெட்டி ஆளாளுக்கு வாட்ஸப்பில் சுற்றவிட்டு, கடைசியில் சிவகாசியில் பட்டாசு ஏஜென்சி வைத்திருக்கிற என் சித்தி மகன்கூட "அக்கா, இது உங்க வேலையப் பத்தித்தான சொல்றாங்க?" என்று அனுப்பிவிட்டான். இனி எழுதாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கேட்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அந்த வரி: "ஸ்பெஷாலிட்டி டாக்டர் வேலைப் பக்கம் போயிராதீங்க தம்பி, அது முட்டுச்சந்து. ட்ரெயினிங் கிடைக்காதவங்க ஒதுங்குற இடம்." நெறியாளர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் சிலர் மைக்கை மூடிவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

எங்கள் பிழைப்பு என்னவென்று தெரியாத சொந்தக்காரர்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி கன்சல்டன்ட், அதாவது மூத்த நிபுணர், ஆக ஒரு நேர்பாதை உண்டு. தேசிய அளவில் போட்டி போட்டு ட்ரெயினிங் இடம் வாங்கி, வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி, முடிவில் சி.சி.டி. சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தப் பாதைக்கு வெளியே நிரந்தர வேலையில் இருக்கிற எங்களை எஸ்.ஏ.எஸ். டாக்டர்கள் என்பார்கள், ஸ்பெஷாலிட்டி டாக்டர் அதில் ஒரு பதவி. டிரஸ்ட் கிரேடு, கிளினிக்கல் ஃபெலோ என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பெயரில் எடுக்கப்படுகிறவர்கள் தனி. இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து 2030-க்குள் நாட்டிலேயே பெரிய மருத்துவர் கூட்டமாக ஆகிவிடும் என்று 2022-ல் டாக்டர்களைப் பதிவு செய்கிற ஜி.எம்.சி.யே எழுதியிருக்கிறது. அத்தனை பேர் ஒதுங்கினால் அது ஒதுக்குப்புறமா, ஊரா அண்ணா?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வளர நேரம் கொடுக்காமல் வளரவில்லை என்று சொல்லாதீர்கள்.

நேரக் கணக்கு அண்ணனுக்கு நன்றாகத் தெரியும், அவர் துறைத் தலைவராக இருந்தவர். வாரத்தைப் பி.ஏ. என்ற நாலு மணி நேரக் கூறுகளாகப் பிரிப்பார்கள். முழுநேர வேலைக்கு 10 பி.ஏ. 2003-ல் வந்த கன்சல்டன்ட் ஒப்பந்தப்படி அதில் வழக்கமாக 2.5 எஸ்.பி.ஏ., அதாவது வாரம் பத்து மணி நேரம், படிக்க, கற்பிக்க, ஆடிட் செய்ய, அப்ரைசல் என்ற வருடாந்தர மதிப்பீட்டுக்குத் தயாராக. ஸ்பெஷாலிட்டி டாக்டருக்குக் குறைந்தது 1. குறைந்தது என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தாண்டிக் கேட்டால் "பிசினஸ் நீட் என்ன?" என்று கேட்கிறார்கள். அந்த நாலு மணி நேரத்தில் கட்டாய ஆன்லைன் பயிற்சி, அப்ரைசல் படிவம், ஈமெயில் எல்லாம் போக மிச்சத்தில் நான் வளர வேண்டும். ரோட்டாவில், அதாவது டூட்டி அட்டவணையில், ஒரு ஆள் குறைந்தால் முதலில் பறிபோவதும் அந்த நாலு மணி நேரம்தான். "இந்த ஒரு தடவை மட்டும்" என்பார்கள். எந்த ஒரு தடவை?

சரி, ஏன் இந்தப் பக்கம் வந்தோம்? ட்ரெயினிங் கிடைக்கவில்லை என்று அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

நான் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். படித்து, மயக்கவியலில் எம்.டி. முடித்து, வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் பரீட்சை எழுதி 2005-ல் வந்தேன். ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத அட்டாச்மென்ட், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் மூன்று பெண்கள், ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலில் சாப்பாடு. அங்கே வரிசையில் நின்றவர்களில் எம்.எஸ். முடித்தவர்கள் இருந்தார்கள், சிவில் சர்ஜனாக இருந்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். 2006 மார்ச்சில் ஒரு அறிவிப்பு வந்தது: ஏப்ரல் முதல் வெளிநாட்டு டாக்டர்கள் வொர்க் பெர்மிட் இல்லாமல் ட்ரெயினிங்கில் சேர முடியாது. ஒரு மாதம்கூட அவகாசமில்லை. உள்ளூர், ஐரோப்பிய ஆட்கள் கிடைக்காவிட்டால்தான் நம் விண்ணப்பத்தையே பிரிப்பார்கள். அடுத்த வருடம் எம்டாஸ் என்ற ஆன்லைன் விண்ணப்பக் கூத்து. உள்ளூர்ப் பிள்ளைகளே மார்ச் 17 அன்று லண்டன் தெருவில் ஊர்வலம் போனார்கள். இங்குள்ள இந்திய டாக்டர்கள் சங்கமான பாபியோ வழக்குப் போட்டு, நம்மைப் பின்னால் தள்ளிய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று 2008 ஏப்ரல் 30-ல் பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் இங்கே உச்ச நீதிமன்றம்) வரை போய்த் தீர்ப்பு வாங்கியது. அதற்குள் எங்களில் பலர் கிடைத்த டிரஸ்ட் கிரேடு வேலையில் உட்கார்ந்துவிட்டோம். வீசா இருந்தது, வாடகை இருந்தது, எனக்கு வயிற்றில் பிள்ளை இருந்தது.

அண்ணன் வந்தது அதற்கு முன்னால். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. கதவு திறந்திருந்தபோது உள்ளே போனவர், சாத்திய பிறகு வந்தவர்களைப் பார்த்து "ஏன் வெளியில நிக்கிறீங்க" என்று கேட்கக் கூடாது என்கிறேன்.

"கன்சல்டன்ட் ஆக வேற வழி இருக்கே, போர்ட்ஃபோலியோ போடலாமே" என்று கமெண்டில் ஒருவர். தெரியும் சார். முன்பு சி.இ.எஸ்.ஆர். என்றார்கள். 2023 நவம்பர் 30 முதல் பெயரும் அளவுகோலும் மாறின. சி.சி.டி. வாங்கியவருக்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததை, ஸ்பெஷலிஸ்டாக வேலை செய்யத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கம் சான்று, ஒவ்வொன்றிலும் நோயாளியின் அடையாளத்தை மறைத்து, ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சரிபார்க்க வைத்து, பிறகு ஏற்றுவதை எந்த நேரத்தில் செய்வது? பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில்தான் செய்கிறோம்.

அதைக்கூட விடுங்கள், காகிதம்தானே. என் துறையில் பாடத்திட்டம் முழுவதற்கும் சான்று வேண்டும். இதய அறுவை, மூளை அறுவை, சின்னக் குழந்தைகள், ஐ.சி.யூ. என்று எல்லாவற்றிலும் மயக்கம் கொடுத்த அனுபவம் வேண்டும். நான் வேலை பார்ப்பது மாவட்ட ஆஸ்பத்திரி. இதய அறுவையும் கிடையாது, மூளை அறுவையும் கிடையாது. ட்ரெயினிங்கில் இருக்கிற பிள்ளையை பயிற்சியை நடத்துகிற டீனரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும். எனக்கு என் துறை விடுவித்தால்தான் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் "வாங்க, சில மாதம் இருந்து கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். என் துறையில் பதில்: "நீ போயிட்டா ராத்திரி ரோட்டாவை யார் பார்ப்பா?" நான் இல்லாவிட்டால் ராத்திரி நடக்காது, நான் இருப்பதால் நான் வளர முடியாது. இதை எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்கள், என்னைப் பாராட்டுகிற மாதிரி.

முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிற சுவரை நாங்களா கட்டினோம்?

அடுத்த கேள்வி, எதிர்பார்த்ததுதான்: "தரம் குறையாதா?" நியாயமான கேள்வி. என் பிள்ளைக்கு ஆபரேஷன் என்றாலும் முழுதாகக் கற்றவர்தான் மயக்கம் கொடுக்க வேண்டும் என்பேன். எஃப்.ஆர்.சி.ஏ. என்ற மயக்கவியல் பரீட்சை எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று கிடையாது. அதே பரீட்சை, அதே ஹால். எழுதித் தேறியிருக்கிறேன். பாதி ராத்திரி எமர்ஜென்சி சிசேரியனுக்குத் தாயையும் பிள்ளையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கன்சல்டன்ட் வீட்டில் தூங்கும்போது யாரும் தரம் பற்றிப் பேசுவதில்லை. காலை எட்டு மணிக்கு மேல்தான் தரம் விழித்துக்கொள்ளும்.

"காசு வருதுல்ல?" என்று கேட்டவருக்கு: வருகிறது. நன்றி.

"நீங்களே விரும்பித்தானே எடுத்தீங்க, ஊர் ஊரா அலைய வேண்டாம்னு?" இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே விரும்பி எடுத்தவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்ற முடியாதவர்கள், மாமனார் மாமியாரைக் கூட வைத்துப் பார்க்கிறவர்கள், ஒரே ஊரில் ஒரே டீமில் இருந்து ஒரு வேலையை அழகாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்கள் என் துறையிலேயே அப்படி இருக்கிறார்கள். கன்சல்டன்ட் ஆகும் ஆசையே அவர்களுக்கு இல்லை. அவர்களும் புது நரம்பு பிளாக் கற்க வேண்டாமா? அல்ட்ராசவுண்ட் கோர்ஸுக்குப் போக வேண்டாமா? தாங்கள் தனியாகச் செய்த வேலை தங்கள் பெயரில் பதிவாக வேண்டாமா? ஒரே ஊரில் இருக்கச் சம்மதித்தவள், ஒரே இடத்தில் நிற்கவும் சம்மதித்தாள் என்று யார் எழுதிக்கொடுத்தது?

காகிதத்தில் எங்களுக்குக் குறையே கிடையாது. 2014-ல் இங்கிலாந்தில் எஸ்.ஏ.எஸ். சாசனம் வந்தது. 2019-ல் எங்கள் திறனை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று இன்னொரு ஆவணம். 2021-ல் புது ஒப்பந்தம். கூடவே ஸ்பெஷலிஸ்ட் என்ற மேல் பதவி. 2008-ல் அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் பதவியைப் புது ஆட்களுக்கு மூடியதிலிருந்து எங்களுக்கு மேலே படியே இல்லாமல் இருந்தது, அதனால் சந்தோஷப்பட்டோம். பட்டம் வாங்கி 12 வருட வேலை, அதில் 6 வருடம் அந்தத் துறையில் இருந்திருக்க வேண்டும் என்பது தகுதி. எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் தகுதி வந்தால் பதவி தானாக வராது. ஆஸ்பத்திரி மனம் வைத்து ஒரு இடத்தை உருவாக்கி, விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்த வேண்டும். கேட்டேன். "பட்ஜெட் இல்ல, அடுத்த வருஷம் பார்க்கலாம்." அக்டோபரில் எஸ்.ஏ.எஸ். வாரம் கொண்டாடினார்கள், அதற்குப் பட்ஜெட் இருந்தது. கப்கேக் நன்றாக இருந்தது.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு பையன் எங்களிடம் ட்ரெயினிங்குக்கு வந்தான். பிரசவ வலிக்கு முதுகில் எபிடியூரல் ஊசி போடக் கை நடுங்கும். ராத்திரி டூட்டியில் பக்கத்தில் நின்று, "பொறு, அவசரப்படாத, ஊசி எங்க இருக்குன்னு கை சொல்லும்" என்று சொல்லிக்கொடுத்தவள் நான். நல்ல பையன், இன்றைக்கும் மரியாதையாகப் பேசுவான். அவன் இப்போது எங்கள் துறையில் கன்சல்டன்ட். போன முறை என் அப்ரைசல் அவனிடம்தான் வந்தது. "உங்க டெவலப்மென்ட் பிளான்ல என்ன போடலாம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். போன வருடம் போட்டதையே போடு என்றேன், ஏனென்றால் போன வருடம் போட்டது எதுவும் நடக்கவில்லை. அவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ராத்திரிகளுக்கு, வேலை நேரத்தைப் பிரித்து எழுதுகிற என் ஜாப் பிளானில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதில்லை என்பது மட்டும் அன்றைக்கு உறைத்தது.

நம் ஆட்கள் சமாச்சாரம் இன்னொன்று. ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் என் கணவரிடம் "வீட்டம்மா கன்சல்டன்ட் ஆயிட்டாங்களா?" என்று கேட்கிற ஒருவர் இருக்கிறார். கன்சல்டன்ட்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை, எங்களைப் பந்தி பரிமாற. வெள்ளைக்காரன் பாகுபாடு பார்க்கிறான் என்று அதே மேடையில் பேச்சும் நடக்கும். நானும் கைதட்டிவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கியிருக்கிறேன்.

"அண்ணன் பசங்க நல்லதுக்குத்தான சொன்னாரு, இவ்வளவு கோவம் எதுக்கு?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: நல்லதுக்குத்தான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன்கள் வேறு எங்கே போவார்கள்? 2025-ல் சுமார் 10,000 ட்ரெயினிங் இடங்களுக்கு 30,000-க்கு மேற்பட்டவர்கள் மோதினார்கள். இங்கேயே படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அந்த ஜூலையில் வந்த 10 ஆண்டுத் திட்டம் சொல்லிவிட்டது. தங்கள் பிள்ளைகளுக்கு முதலிடம் என்பது அவர்கள் உரிமை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆக, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வந்து சேரப்போவது எங்கள் பக்கம்தான். கன்சல்டன்ட் நாற்காலியில் இருந்துகொண்டு, தன் துறையில் இருக்கிற எஸ்.ஏ.எஸ். டாக்டருக்கு இன்னொரு எஸ்.பி.ஏ. வாங்கிக்கொடுக்க அண்ணனால் முடியும். சந்து என்று எச்சரிக்க ஆள் இருக்கிறது, சுவரில் ஒரு செங்கலை உருவ ஆள் இல்லை.

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வேலை பற்றிக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு, தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். ஸ்பெஷாலிட்டி டாக்டர் வேலை வந்தால் பயப்படாமல் எடுங்கள், ஆனால் சம்பளத்தையும் வீசாவையும் மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாப் பிளானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எஸ்.பி.ஏ. எத்தனை, எந்தக் கிழமை என்று இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு 30 நாள் ஸ்டடி லீவ் உண்டு. அங்கே இருக்கிறவர்கள் அதை எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். போர்ட்ஃபோலியோவுக்காக வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள், "பார்க்கலாம்" என்றால் ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் வளர்ச்சியைப் பார்த்துக்கொள்கிற எஸ்.ஏ.எஸ். டியூட்டர் யார் என்று கண்டுபிடித்து, சேருவதற்கு முன்பே ஒரு போன் போடுங்கள். எழுதித் தர மறுத்தால் எந்த ஊர், எந்தத் துறை என்று எனக்குச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்த்த யாரையாவது பிடித்துத் தருகிறேன், அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.