திருடனுக்குக் கதவைத் திறந்தது கிராணியா?

நேற்றைய கூட்டத்தில் நடந்தது பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் அலுவலக ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: கணக்குப் பிரிவுக் கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அவருடைய புலனக் (வாட்ஸ்அப்) கணக்கைத் திருடன் பறித்துவிட்டான். அந்த அக்காவை இருபது பேர் முன்னால் நிற்கவைத்து, "ஆறு இலக்க எண்ணைக்கூட ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று கேட்டீர்களே, நிர்வாகத்தாரே, அதைப் பற்றித்தான்.

அவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வந்த செய்தி மேலாளரின் புலனக் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கை முதலில் பறிகொடுத்தது யார்? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு "அர்ஜண்ட்" என்று செய்தி போட்டுவிட்டு, பதில் தாமதமானால் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நீங்கள். கேட்டதும் கொடு என்று பழக்கியதும் நீங்கள்தான். கொடுத்தால் கிராணி குற்றவாளியா?

இப்போது அலுவலகத்தில் புலனத்துக்குத் தடையாம். அந்தச் சுற்றறிக்கை வந்ததே புலனத்தில்தான், ஐயா! அதற்கு முதல் ஆளாகக் கட்டைவிரல் காட்டியவர், இரண்டு வருஷத்துக்கு முன் போட்டி நிறுவனத்துக்குப் போன தம்பி. இன்னும் குழுவில் இருக்கிறார். வங்காளதேசத் தொழிலாளர்களின் கடப்பிதழ்ப் படங்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் அவர் பார்வைக்கு. ஸ்டோர் கணினியில் யாருடைய புலனமோ நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை ஒருமுறையாவது பார்த்தீர்களா? கணக்குக்குக் கூடுதல் பூட்டாக நாமே ஒரு ரகசிய எண் வைக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா?

"அப்போ ஊழியருக்குப் பொறுப்பே இல்லையா?" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, சரி. ஆனால் 2020 ஜூலையில் டுவிட்டர் ஊழியர்களையே தொலைபேசியில் பேசி ஏமாற்றி, ஒபாமாவின் கணக்கு வரை கைப்பற்றினார்கள். எங்கள் அக்கா எம்மாத்திரம்? மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே நிறைவேறிவிட்டது. பெரிய பாதிப்பு தரும் கசிவென்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்லியாக வேண்டும் என்பது 2025 ஜூனில் நடப்புக்கு வந்தது. சொல்லவேண்டியது நிறுவனம். கிராணி இல்லை.

நானும் ஒன்றும் புத்திசாலி இல்லை. மாமா எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஓர் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. அழுத்தப் போனேன். மகள் கைத்தொலைபேசியைப் பிடுங்கினாள். மாமாவுக்குக் கல்யாண வயதில் பிள்ளையே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் சிரித்தார்கள், யாரும் என்னை நிற்கவைக்கவில்லை.

"நீ அந்த அக்காவுக்குச் சொந்தமா?" என்று கேட்டவருக்கு: இல்லை. பதினாறு வருஷமாகப் பக்கத்து மேசை. கூட்டம் முடிந்து பேண்ட்ரியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று. இன்று எம்.சி. (மருத்துவ விடுப்பு) போட்டிருக்கிறார். அழைத்தேன், எடுக்கவில்லை. புலனத்தில் கேட்கலாமென்றால், திருடன் அவர் கணக்கை ரகசிய எண் (PIN) போட்டுப் பூட்டிவிட்டான். திறக்க ஏழு நாள் ஆகுமாம்.