நம்பர் சரி, முடிவுதான் தப்பு

"1,25,000 வருடத்துக்கு முன்பே கடல் இன்றைவிட 6 மீட்டர் உயரத்தில் இருந்தது, எல்லாம் இயற்கைச் சுழற்சி, புதுச்சேரி பீச் காணாமல் போனதும் அப்படித்தான்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்.

நம்பரில் தகராறு இல்லை. 5 முதல் 10 மீட்டர் வரை என்பதுதான் மதிப்பீடு. ஆனால் அப்போது பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறி வடபகுதியில் கோடை வெயில் கூடியிருந்தது. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்குதான். இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறக்குறைய 1 டிகிரி கூடியதற்கே கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் அவ்வளவு பனி உருகியது. இதைப் படித்து உங்களுக்கு எப்படி நிம்மதி வருகிறதோ, தெரியவில்லை!

அப்புறம் நம்ம பீச். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 1980களின் கடைசியில் துறைமுக வாயில் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது மறித்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் மேடு தட்டியது, வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் கரை அரித்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. கடல் மட்டம்தான் காரணம் என்றால் தெற்கே மட்டும் மணல் எப்படிச் சேரும்?